வீட்டில் இஞ்சி பீர் போட்டவர்கள் சொல்லுங்கள்: செலவு என்ன, லாபம் என்ன?

பெரம்பூரிலிருந்து:

நிஜ பீர் காய்ச்சலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நமக்கு மட்டும்தானே என்றாலும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதனால் நான் போடுவது இஞ்சி பீர். இஞ்சியும் சர்க்கரையும் புளித்து நுரைக்கும் பானம், பேரில்தான் பீர்.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் மச்சான் நிஜமாகவே போடுகிறான். அங்கே 1963-லிருந்து சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் வேண்டாம். ஒரு தடவைக்கு 23 லிட்டர் போடுவான். மால்ட் (முளைகட்டிய பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), ஈஸ்ட் (புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) விலையைப் பாட்டிலுக்கு இவ்வளவு என்று வகுத்து, கடையைவிட மலிவு என்பான். டிரம், ஹைட்ரோமீட்டர், மூடி அடிக்கும் கருவி, இதற்கென்றே வாங்கிய பழைய ஃபிரிட்ஜ் எதுவும் அந்தக் கணக்கில் வராது. தங்கச்சி சேர்த்துச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவான்.

நம் பக்கம் காசு பெரிதில்லை. இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, அவ்வளவுதான். வேலைதான் அதிகம். தயிருக்கு உறை மாதிரி இதற்கும் ஒன்று வேண்டும். இஞ்சியைத் தோலோடு துருவி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், தினமும் தண்ணீரில் போட்டுக் கலக்கி வர வேண்டும். ஈஸ்ட் தோலில்தான் இருக்கிறது, சீவிவிட்டால் போச்சு. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் காய்ச்சி ஆறவைத்துச் சேருங்கள். நம் வெயிலுக்கு மூன்று நாலு நாளிலேயே நுரை தள்ளும். ஜாடியில் காதை வைத்தால் சின்னதாக ஒரு புஸ் சத்தம் ஓயாமல் கேட்கும். எனக்குக் குடிப்பதைவிட அதுதான் பிடிக்கும்.

அப்புறம் இஞ்சித் தண்ணீரைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, நன்றாக ஆறியதும் அந்த உறையை வடிகட்டி ஊற்றி, பாட்டிலில் அடைக்க வேண்டும். பழைய சோடா பிளாஸ்டிக் பாட்டில் போதும், கண்ணாடி வேண்டவே வேண்டாம். உள்ளே வாயு ஏறுவதைப் பாட்டிலை அமுக்கித்தான் தெரிந்துகொள்ள முடியும். மே மாதத்தில் ஒரே நாளில் இறுகிவிடும். உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். நாள் கடத்தினால் சர்க்கரை குறைந்து ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகும். பாட்டில் கழுவும் நேரத்துக்குக் கூலி போட்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

வியாசர்பாடியிலிருந்து:

இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் தெருவில் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு ஜிஞ்சர் ஒயின் செய்வார். இஞ்சி, பட்டை, கிராம்பு எல்லாம் காய்ச்சி வடிகட்டுவதோடு சரி. நுரைக்காது, வெடிக்காது. தொண்டைக்குள் இறங்கும்போது அந்தக் காரம் இருக்கிறதே!

ராயபுரத்திலிருந்து:

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு செலவு கூடுதல், அது மானம். ஜாடி வாசனை படிக்கட்டு வரை போய், ஓனரம்மா வாசலில் நின்று, "ஏம்பா, ஊறல் போடுறியா?" என்றார். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. விளக்கம் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். மூக்கைச் சுருக்கிக் குடித்தவர், "கோலி சோடாவுல மிளகு போட்ட மாதிரி கீது" என்று இன்னொரு டம்ளர் கேட்டார்.

இப்போது கீழ் வீட்டுக்கும் சேர்த்துத்தான் போடுகிறேன். சர்க்கரைக் காசை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்பதில்லை.