லீன் என்று காட்டினால் பெட்ரோல் குறைவு என்றுதான் பொருளா? (ஆர்எக்ஸ்-7 மிஸ்ஸிங்)

மூன்றாம்முகம்:
நேற்று பட்டறைவாசல் அவர்கள் ஒரு புதிய உறுப்பினருக்கு எழுதிய பதிலைப் படித்ததில் இருந்து மனம் ஆறவில்லை. ஜப்பானில் இருந்து மெல்பர்னுக்கு இறக்குமதியான 1993ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி மாடல், 13பி இரட்டை டர்போ ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் முக்கோண ரோட்டர்கள் இரண்டு). 5,500 ஆர்பிஎம்மில், முழு பூஸ்டில் (டர்போ காற்றை முழு அழுத்தத்தில் திணிக்கும்போது) மிஸ் ஆகிறது, அதாவது கலவை சரியாக எரியாமல் என்ஜின் விக்குகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டர் அந்த நொடியில் 11.3இல் இருந்து 16க்குத் தாவுகிறது, அதாவது லீன், காற்றுக்குப் பெட்ரோல் குறைவு. இதற்கு அவர், "16 என்றால் பெட்ரோல் வரவில்லை என்று மீட்டரே சொல்கிறது, பம்பை மாற்றுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை" என்று முடித்துவிட்டார்.

யோசிக்க நிறைய இருக்கிறது. வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை; சைலன்சர் குழாயில் வரும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. தீப்பொறி தவறிவிட்டால் அந்த அறையில் இருந்த காற்று எரியாமல் அப்படியே வெளியேறும், அதில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் சென்சார் முன்னால் வந்து நிற்கும், மீட்டரும் லீன் என்று காட்டும். பெட்ரோல் போதுமான அளவு வந்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். ஒருவருடைய பணத்தை வீணாக்கும் அறிவுரையைத் தருவதற்கு முன் இதையாவது தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பட்டறைவாசல்:
ஐயா, இருபது ஆண்டுகளாக ரோட்டரி என்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன் நான். பூஸ்டில் 16 காட்டிய வண்டியை நம்பி ஓட்டியவர்கள், ரோட்டரின் முனையில் அறையை அடைக்கும் அபெக்ஸ் சீல் உடைந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதிலும் உங்கள் வாதம் பாதியில் நிற்கிறது. தீப்பொறி தவறினால் காற்று மட்டுமா வெளியே போகிறது? பெட்ரோலும் சேர்ந்துதானே போகிறது? இரண்டும் ஒரே விகிதத்தில் சென்சாரைத் தொடும்போது அது 11.3 என்றுதானே காட்ட வேண்டும்? 16 எங்கிருந்து வந்தது? பெட்ரோல் குறைந்ததால் வந்தது.

மூன்றாம்முகம்:
இந்தக் கேள்வியைக் கேட்பீர்கள் என்று தெரியும். சென்சாருக்குள் மிக நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு தடுப்பு வழியாகத்தான் வாயு நுழைகிறது. சின்ன மூலக்கூறான ஆக்சிஜன் அதில் எளிதாக நுழைந்துவிடும். எரியாத பெட்ரோலின் பெரிய மூலக்கூறுகள் மெதுவாகத்தான் நுழையும், நுழைந்தவையும் அங்கே முழுமையாக எரிவதில்லை. அதனால் மீட்டர் ஆக்சிஜனின் பக்கமே சாயும். வேறு கோளாறு எதுவும் இல்லாத வண்டியில் ஒரு லீடிங் பிளக் வயரைக் (ரோட்டர் ஒன்றுக்கு இரண்டு பிளக்: முதலில் பொறி தட்டுவது லீடிங், அடுத்தது ட்ரெய்லிங்) கழற்றிவிட்டு ஐடிலில் ஓட்டி மீட்டரைப் பாருங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முன்பு தந்த அளவையே தந்துகொண்டிருக்கும், ஆனால் மீட்டர் லீன் பக்கம் ஓடும்.

சென்ற முறையும் இதே கதைதான். மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருக்கும் சாதாரண கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்து "என்ஜின் நன்றாக இருக்கிறது" என்று ஒருவருக்கு உறுதி கூறினீர்கள். ரோட்டருக்கு மூன்று முகங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றை அழுத்தும். அந்தக் கேஜ் மூன்றில் அதிகமான ஒன்றை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் சொல்லாது.

பட்டறைவாசல்:
கம்ப்ரஷன் பற்றிப் பேச இங்கே யாரும் கூப்பிடவில்லை. அன்று கேஜின் வால்வை எடுத்துவிட்டு, முள் மூன்று முறையும் சமமாகத் துள்ளுகிறதா என்று பார்த்துத்தான் சொன்னேன். நீங்கள் அதைப் படிக்கவே இல்லை. இப்போது 16க்கு வாருங்கள்.

இந்த வண்டியில் எப்போதும் பாயும் பிரைமரி இன்ஜெக்டர்கள் இரண்டும் தலா 550 சிசி, லோடு ஏறும்போது சேரும் செகண்டரி இரண்டும் தலா 850 சிசி. நான்கும் முழுமையாகத் திறந்தால் நிமிடத்துக்கு 2,800 சிசி. அவ்வளவையும் பழைய பம்ப் ஒன்று, பூஸ்டின் அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ள வேண்டும். போதாததற்கு, லோடு குறைவாக இருக்கும்போது பம்புக்குப் போகும் கரண்டை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைத்தும், லோடு ஏறும்போது ரிலே வழியாக முழுமையாகவும் கொடுக்கும் ஏற்பாடு இதில் உண்டு. அந்த ரிலே ஒட்டாமல் போனால் ஐடிலில் வண்டி அருமையாக இருக்கும், பூஸ்டில் பெட்ரோல் வராது, மீட்டர் 16 காட்டும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பழைய ஏழு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 4,500 ஆர்பிஎம் அருகே இரண்டாவது டர்போ சேரும்போது பூஸ்ட் 10 பிஎஸ்ஐயில் இருந்து 8க்கு இறங்கி மறுபடியும் ஏறுவது இந்த வண்டியின் இயல்பு. அதை மிஸ்ஸிங் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. இன்னொன்று, சைலன்சரைத் திறந்துவிட்டால் பூஸ்ட் கட்டுக்கு மீறி ஏறும், உடனே கம்பெனி இசியு (என்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும். வண்டிக்காரரே சொன்னால் நல்லது.

தென்துருவ மழை:
வண்டி என்னுடையதுதான். 4,500 தாண்டிய பிறகு, 5,500இல்தான் பிரச்சினை. இசியு மாற்றப்பட்டிருக்கிறது, பூஸ்ட் 11 பிஎஸ்ஐக்கு மேல் போகவில்லை. பட்டறைவாசல் அண்ணன் சொன்னதைக் கேட்டு இன்று பம்பையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டேன். மிஸ்ஸிங் அப்படியே இருக்கிறது, மீட்டர் இப்போது 15.8 காட்டுகிறது.

மூன்றாம்முகம்:
புதிய பம்ப், அதே மிஸ்ஸிங், அதே லீன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில்களைப் பாருங்கள். எஃப்டியில் மூன்று காயில்கள். ட்ரெய்லிங் பிளக் ஒவ்வொன்றுக்கும் ஒரு காயில். லீடிங் பிளக் இரண்டுக்கும் சேர்த்து ஒரே காயில், அது இரண்டு பிளக்கிலும் ஒரே நேரத்தில் பொறியைத் தட்டும். லீடிங் காயில் தளர்ந்தால் இரண்டு ரோட்டரும் சேர்ந்து விக்கும். பூஸ்ட் ஏற ஏற அறையில் அழுத்தம் கூடுகிறது, பொறி பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறது. ஐடிலில் நன்றாக இருந்த காயில் 11 பிஎஸ்ஐயில் கைவிடுவது அதனால்தான். மிஸ் ஆகும் அதே இடத்தில் கிளட்ச்சை மிதித்து என்ஜினை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி, நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பெட்ரோல் இல்லாமல் மிஸ் ஆன பிளக் காய்ந்து வெளுத்திருக்கும். பொறி இல்லாமல் மிஸ் ஆன பிளக் ஈரமாக, பெட்ரோல் நாற்றத்தோடு இருக்கும்.

பட்டறைவாசல்:
பம்பை மாற்றியதால் பம்புக்குப் போகும் கரண்டும் ரிலேயும் மாறிவிட்டனவா? பம்ப் என்று எழுதிய அன்றே வயரிங்கையும் பார்க்கச் சொன்னேன். ட்ரெய்லிங் பற்றியும் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். ட்ரெய்லிங் பிளக் இரண்டையும் துண்டித்துவிட்டாலும் இந்த என்ஜின் ஓடும்.

மூன்றாம்முகம்:
நான் லீடிங் காயிலைச் சொன்னால் நீங்கள் ட்ரெய்லிங்குக்கு ஓடுகிறீர்கள். "ஓடும்" என்பது வேறு, "ஒழுங்காக எரிக்கும்" என்பது வேறு. ட்ரெய்லிங் இல்லாவிட்டால் நீண்டு ஒடுங்கிய அந்த அறையின் கடைசிப் பகுதி தாமதமாக எரியும், புகையின் சூடு ஏறும், டர்போ அதைத் தாங்க வேண்டும். 1991இல் லெ மான் பந்தயத்தில் வென்ற 787பி காரில் மாஸ்டா ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று பிளக் வைத்தது. இரண்டே அதிகம் என்றால் மூன்றாவதை எதற்காக வைத்தார்கள்?

பட்டறைவாசல்:
பந்தய வண்டியை இழுத்துக்கொண்டு வருவது, சொந்த வாதத்தில் நம்பிக்கை இல்லாதபோது செய்யும் வேலை.

தென்துருவ மழை:
பிளக்குகளைக் கழற்றினேன். முன் ரோட்டரின் லீடிங் ஈரமாக இருந்தது, பின் ரோட்டரின் லீடிங்கும் கொஞ்சம் ஈரம், ட்ரெய்லிங் இரண்டும் பழுப்பு நிறம். காயில்கள் மேல் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதிக்கு) அடியில் ஒளிந்திருப்பதால் விளக்கைப் பிடித்துத்தான் பார்க்க முடிந்தது. லீடிங் காயிலின் கனெக்டர் பொருக்குத்தட்டி இருக்கிறது, அதற்குள் ஒரு பின்னில் பச்சையாகப் பாசி போலப் படிந்திருக்கிறது. இன்னொன்றும் கண்டேன்: மிஸ் ஆகும் நொடியில் பேட்டரி வோல்டேஜ் 13.8இல் இருந்து 12.2க்கு இறங்குகிறது.

மூன்றாம்முகம்:
ஈரமான பிளக், பச்சை பிடித்த பின், 12.2 வோல்ட். காயிலுக்குக் கரண்ட் குறைந்தால் பொறி மெலியும். இதைத்தான் முதல் நாளில் இருந்து சொல்லி வருகிறேன். 16 என்று காட்டியது எரியாமல் வந்த ஆக்சிஜன்.

பட்டறைவாசல்:
அதே 12.2 வோல்ட்தான் பம்புக்கும் போகிறது! வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் இறங்கும், பெட்ரோல் குறையும், மீட்டர் 16 காட்டும். புதிய பம்பும் ஏன் வேலைக்கு ஆகவில்லை என்பதற்கு இதோ விடை. ஈரம் என்கிறீர்கள், என்ஜினை நிறுத்திய பிறகு ஒழுகும் இன்ஜெக்டராலும் பிளக் ஈரமாகும்.

மூன்றாம்முகம்:
ஒழுகும் இன்ஜெக்டர் லீடிங்கை மட்டும் நனைத்துவிட்டு ட்ரெய்லிங்கை விட்டுவிடுமா?

பட்டறைவாசல்:
பிளக் துளைகள் இருக்கும் இடமே வேறு. கீழே இருப்பது நனையும்.

பழைய ஏழு:
இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ஃபியூயல் ரயிலில் ஒரு பிரஷர் சென்சார் வைத்து, அந்த அழுத்தத்தில் இருந்து மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கழித்துப் பார்த்தால் இந்தச் சண்டையே தேவையில்லை. வித்தியாசம் மாறாமல் இருந்தால் பெட்ரோல் வருகிறது, இறங்கினால் வரவில்லை.

மூன்றாம்முகம்:
தாராளமாக வைக்கட்டும். ஆனால் முதலில் காயில் கனெக்டரை மாற்றிவிட்டு வைக்கட்டும்.

பட்டறைவாசல்:
கனெக்டரை மாற்றிவிட்டு அளந்தால், சரியானதும் காயில் என்று நீங்கள் எழுதுவீர்கள். முதலில் அளக்கட்டும். அளக்கும் வரை அந்தத் தம்பி பூஸ்டில் மிதிக்கவே கூடாது. காயில் என்று உங்களை நம்பி மிதித்து, உண்மையிலேயே பெட்ரோல் குறைந்திருந்தால், சீல் போவது அவருடைய என்ஜினில்.

மூன்றாம்முகம்:
மிதிக்கச் சொன்னது யார்? நான் எழுதியதில் ஒரு வரியைக் காட்டுங்கள்.

பட்டறைவாசல்:
மிஸ் ஆகும் இடத்தில் என்ஜினை நிறுத்திப் பார்க்கச் சொன்னீர்களே, மிதிக்காமல் அந்த இடத்துக்கு எப்படிப் போவார்?

தென்துருவ மழை:
அண்ணன்மார்களே, சனிக்கிழமை பேட்டரிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுகிறேன்.

மூன்றாம்முகம்:
கழற்றுங்கள், காயில் கனெக்டரையும் சேர்த்து.

பட்டறைவாசல்:
பம்ப் ரிலேயையும்.