மறைந்த மேதையின் கயாகும் வாசிப்பை மீட்டெடுப்பது: இசைத்தட்டில் இருப்பதை அப்படியே வாசித்தால் போதுமா?

கேள்வி – வீணை ஆசிரியை, சத்துவாச்சாரி, வேலூர்

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்து வருகிறேன். வரும் நவராத்திரியில் மாணவிகளை உட்காரவைத்து, மறைந்த வித்வான்களின் பழைய பதிவுகளைக் கேட்கச் செய்யலாம் என்றிருக்கிறேன். வீணை தனம்மாளின் (1867–1938) தட்டுகளோடு, கொரியாவின் கயாகும் வாத்தியத்தையும் அதில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். அதற்கு 12 பட்டு நரம்புகள், ஒவ்வொரு நரம்புக்கும் அதைத் தாங்கும் நகர்த்தக்கூடிய ஒரு கட்டை (குதிரை), வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் கிடையாது. வலக்கை மீட்ட, இடக்கை குதிரைக்கு அப்பால் நரம்பை அழுத்தி அசைவு கொடுக்கிறது. நாம் தந்தியை இழுத்துப் பெறும் கமகத்தை, அதாவது சுர அசைவை, அவர்கள் அழுத்திப் பெறுகிறார்கள்.

என் கேள்வி கயாகும் கலைஞர் ஹ்வாங் பியுங்கி (1936–2018) வாசித்த சான்ஜோவைப் பற்றியது. சான்ஜோ என்பது மத்தளத் துணையோடு தனி வாத்தியத்தில் வாசிக்கும் கொரிய இசை வடிவம். ஹ்வாங் வாசித்த பாணியின் மூலபுருஷர் ஜோங் நாம்ஹி 1930களில் தென்கொரியப் பகுதியில் பெரும்புகழ் பெற்றிருந்தவர். கொரியப் போர்க் காலத்தில் அவர் வடக்கே சென்றுவிட்டதால், தெற்கில் அவருடைய பெயரைச் சொல்வதற்கே தடை இருந்தது. வடக்கே போன கலைஞர்களின் படைப்புகள் மீதான அந்தத் தடை 1988இல்தான் நீங்கியது. ஜோங்கிடம் கற்ற கிம் யுன்டோக்கிடமிருந்து அந்தப் பாடாந்தரத்தை (குருவழியில் வரும் பாடத்தை) பெற்ற ஹ்வாங், பின்னாளில் தம்முடைய கற்பனையையும் சேர்த்து விரித்து, இரண்டு பெயர்களையும் இணைத்தே அதை வெளியிட்டார். முழுதாக வாசித்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இதை மீட்டெடுப்பு என்று என் மாணவிகளிடம் சொல்லலாமா, அல்லது ஹ்வாங்கின் சொந்தப் படைப்பு என்றுதான் சொல்ல வேண்டுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 – வாலாஜாப்பேட்டை வாசகர்

அம்மா, மீட்டெடுப்பு என்றே தயங்காமல் சொல்லுங்கள். காரணத்தை நம்முடைய ஊரிலிருந்தே காட்ட முடியும். தியாகராஜ சுவாமிகளின் சீடர் வேங்கடரமண பாகவதர் எங்கள் வாலாஜாப்பேட்டையில் தங்கி வாழ்ந்தவர். அவரும் அவருடைய வழியினரும் எழுதிவைத்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவை இல்லாவிட்டால் தியாகராஜரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அழிந்திருக்கும். ஆனாலும் அந்த ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு, குருமுகமாக ஒரு கீர்த்தனையைக்கூடக் கேளாத ஒருவர் பாடிவிட முடியுமா? சாகித்தியம் கிடைக்கும், சுரம் கிடைக்கும். எந்தச் சுரத்தை நிறுத்த வேண்டும், எதை அசைக்க வேண்டும் என்பது சீடனின் தொண்டையில்தான் இருக்கிறது.

சான்ஜோவும் அப்படியே. கொரியாவின் ஜொல்லா வட்டாரத்துக் கிம் சாங்ஜோ (1865–1919) 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதற்கு உருக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். எழுதிக் கற்பிக்கும் வழக்கம் அப்போது இல்லை. ஆசிரியர் வாசிக்க, மாணவர் வாங்கி வாசிக்க, மனத்தில் ஊறியதே பாடம். ஆகவே ஜோங்குக்கும் ஹ்வாங்குக்கும் நடுவே கிம் யுன்டோக் என்ற ஒரு மனிதர் இருந்தார் என்பதே இங்கே முக்கியம். அந்தச் சங்கிலி அறுந்திருந்தால், எத்தனை இசைத்தட்டுகள் கிடைத்திருந்தாலும் அது வேறு விஷயமாகப் போயிருக்கும்.

பதில் 2 – குடியாத்தத்துக்காரர், பணி நிமித்தம் ஸ்ரீபெரும்புதூரில்

மேலே எழுதிய ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. கொரியர்களோடு வேலை செய்யும் வாய்ப்பினால் சில ஆண்டுகளாக இந்த இசையை விடாமல் கேட்டு வருகிறேன். சங்கிலி அறாமல் இருந்ததனாலேயே இசை பிழைத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தொடக்க காலச் சான்ஜோ பெரும்பாலும் மனோதர்மம், அதாவது வாசிக்கும்போதே கற்பனையில் பிறப்பது. சிம் சாங்கோன் என்ற மேதை ஒருமுறை வாசித்தது போல் மறுமுறை வாசிக்கமாட்டார் என்பது அவருடைய புகழுக்கே காரணம். பின்னர் 1962இல் தென்கொரியாவில் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கயாகும் சான்ஜோவும் அதனோடு சேர்ந்து பாடும் முறையும் 1968இல் 23ஆம் எண் கொண்ட மரபாக அறிவிக்கப்பட்டன. அரசு ஆதரவு கிடைத்தது, பட்டம் கிடைத்தது, மாணவர்கள் வந்தார்கள். அதையெல்லாம் மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால், ஒவ்வோர் ஆசிரியரின் பாடமும் ஒரு பாணி என்று பெயரிடப்பட்டு, ஒரு சுரம் மாறினாலும் பிழை என்னும் நிலையை அடைந்தது. நம் ஊரில் ஒரு வித்வான் ஒருநாள் பாடிய ஆலாபனையைச் சுரப்படுத்தி, அடுத்த மூன்று தலைமுறையும் அதையே ஒப்பிக்க வேண்டும் என்று சொன்னால் நாம் ஏற்போமா?

அதனால்தான் ஹ்வாங் செய்ததைப் பெரிதாக நினைக்கிறேன். குருவின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு தாமும் வளர்த்தார். மூலவரின் பெயரையும் மறைக்கவில்லை, தம் பங்கையும் மறைக்கவில்லை.

தட்டுகளைப் பற்றி ஒன்று. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பிடிக்கும். ஆறு அடிகள் கொண்ட ஜின்யாங்ஜோ தாளத்தின் நான்கு ஆவர்த்தங்கள் (தாளச் சுற்றுகள்) சேர்ந்து ஒரு பெரிய சுற்றாக, மிக விளம்பமாக, அதாவது மெதுவாக நகரும். அதை மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் கலைஞர் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். தட்டைப் பார்த்து அப்படியே வாசிப்பவர், அந்த வெட்டையும் மரபு என்று எடுத்துக்கொள்வார்.

பதில் 3 – ஆற்காடு, வீணை வாசிப்பவர்

இருவர் சொன்னதும் விரலில்தான் வந்து நிற்கிறது. அதையும் சிறிது பார்ப்போம். சான்ஜோவில் கியேம்யொன்ஜோ என்ற சோகமான அமைப்பு பெரும்பங்கு வகிக்கிறது. அதில் மூன்று சுரங்களை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். கீழ்ச் சுரம் அகலமாக நடுங்கும். நடுச் சுரம் ஆடாமல் நேராக நிற்கும். மேலே இருக்கும் சுரம் மீட்டியவுடன் அரைச் சுரம் அளவுக்குக் கீழே சரியும். எந்தச் சுரத்துக்கு எந்தக் குணம் என்பது மாறாது. தோடி ராகத்தில் காந்தாரம் என்ற சுரத்தை அசைக்காமல் பிடித்தால் தோடியே போய்விடுகிறது அல்லவா, அதே இலக்கணம்தான். இந்தச் சுரங்களின் குணம் மாறாத வரையில் பிடிகளை (சுரக் கோவைகளை) கூட்டலாம், குறைக்கலாம். இசை மேதையினுடையதாகவே இருக்கும். குணம் மாறிவிட்டால், ஒவ்வொரு மீட்டும் தட்டோடு பொருந்தினாலும் பயனில்லை. ஆகவே என் பதில்: ஹ்வாங்குடையது மீட்டெடுப்புத்தான், ஆனால் அதற்குச் சான்று குருவரிசை மட்டுமன்று, இடக்கையும்கூட.

சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற நூலில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை அமைத்ததும் இந்த அக்கறையால்தான். அவருக்குச் சுரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தனம்மாள் பக்கவாத்தியம் இல்லாமல், மீட்டுக்கோல் இல்லாமல், நகத்தாலேயே வாசித்தவர். சான்ஜோவில் ஜாங்கு என்ற மத்தளம் கூடவே வருகிறது. இதனால் மாணவிகளின் கவனம் தாளத்துக்கே போய்விடுமோ என்று தயங்குகிறேன். எதை முதலில் போடுவது?

பதில் 2-ஐ எழுதியவர்

ஜாங்கு கலைஞர் இடையிடையே வாய்விட்டு ஆமோதிப்பதைக் கேட்டால், நம் சபைகளில் ‘பலே’ என்று சொல்வது உங்கள் மாணவிகளுக்கு நினைவு வரும். அவர்கள் விரைவில் பழகிவிடுவார்கள். விரைவாக ஓடும் ஜாஜின்மோரி தாளப் பகுதியிலிருந்து தொடங்காதீர்கள், அது உடனே கவர்ந்துவிடும், ஆனால் இடக்கையின் அசைவு காதில் விழாது. ஜின்யாங்ஜோவின் முதல் சில ஆவர்த்தங்களை இரண்டு முறை போடுங்கள். ஆற்காட்டு நண்பர் சொன்ன மூன்று சுரங்களை இரண்டாம் முறையில் கையைத் தூக்கி அடையாளம் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு தனம்மாளைப் போட்டால், தட்டின் இரைச்சலைத் தாண்டி அசைவைத் தேட அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டு சுழலும் வேகத்தைப் பொறுத்துச் சுருதி ஏறியும் இறங்கியும் கேட்கும் என்பதால், பதிவை முன்னதாக உங்கள் வீணையோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.