1951 டாட்ஜ் கிங்ஸ்வே: ஆரியங்காவு வழியாகக் கொல்லம் வரை ஓட்டிச் செல்லலாமா?

கேள்வி: மேலகரத்தான் (தென்காசி)

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா விட்டுச் சென்ற 1951ஆம் ஆண்டு டாட்ஜ் கிங்ஸ்வே கார் ஒன்று எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பூட்டி விற்ற வண்டி. பக்கவால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்த) ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், ஸ்டியரிங் தண்டில் மூன்று கியர், 6 வோல்ட் பேட்டரி என எல்லாமே அசலாக இருக்கின்றன. இந்த வகைக் கார்கள் பலவற்றுக்கு டாக்சிக் காலத்திலேயே டீசல் இஞ்சின் மாற்றிவிட்டார்கள் என்பதால், இதை இப்படியே காப்பாற்ற வேண்டும் என்பது வீட்டார் அனைவரின் விருப்பம்.

கடையநல்லூர், சுரண்டை என்று சமதளத்தில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் தொந்தரவில்லை. ஆவணியில் கொல்லத்தில் அத்தை வீட்டுத் திருமணம் வருகிறது. அதற்குச் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக இந்த வண்டியிலேயே போக நினைக்கிறோம். வெள்ளோட்டமாக, மாநில எல்லையில் உள்ள கோட்டைவாசல் வரை போனபோது, கேரளத்துக்குக் கல்லும் எம்.சாண்டும் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே ஏற வேண்டியிருந்தது. எஸ் வளைவைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. சற்று நேரத்தில் இஞ்சின் விக்கி விக்கி நின்றுவிட்டது. நன்றாக ஆறவிட்டுச் சாவி போட்டவுடன், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. ரேடியேட்டருக்குச் சென்ற ஆண்டுதான் புதிய கோர் போட்டோம்.

எங்கள் மெக்கானிக், 12 வோல்ட்டுக்கு மாற்றி மின்விசிறி ஒன்றை வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். ஆர்.டி.ஓ. வேலைகளைப் பார்த்துத் தரும் ஒருவர், பதிவைப் புதுப்பிப்பதற்குப் பதிலாக விண்டேஜ் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். தென்மலை இறக்கத்தில் பிரேக்கை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: பக்கவால்வு (புனலூர்)

அண்ணாச்சி, உங்கள் வண்டியில் இருப்பது ஒரே நோய் அல்ல. சூடேறுவது ஒன்று, விக்கி நிற்பது மற்றொன்று. இரண்டும் ஒரே ஏற்றத்தில் வெளிப்பட்டதால் ஒன்றுபோல் தோன்றுகிறது.

முதலில் சூடு. கிறைஸ்லர் நிறுவனத்தின் அக்காலப் பக்கவால்வு ஆறு சிலிண்டர் இஞ்சின்களில், டாட்ஜ், பிளிமவுத், டிசோட்டோ எதுவானாலும், பிளாக்கின் (இஞ்சினின் வார்ப்பு உடல்) உள்ளே ஒரு நீண்ட தட்டையான தகரக் குழாய் இருக்கும். தண்ணீர் பம்புக்கு நேர் பின்னால் தொடங்கி இஞ்சினின் கடைசி சிலிண்டர் அருகே வரை போகும் அந்தக் குழாயில், எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு நேராகத் துளைகள் வெட்டியிருப்பார்கள். பம்பு தள்ளும் குளிர்ந்த நீர் அந்தத் துளைகள் வழியாக ஒவ்வொரு வால்வின் மேலும் பாய வேண்டும் என்பதே அமைப்பு. பல ஆண்டுகள் உப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் குழாய் துருப்பிடித்து உதிர்ந்துவிடுகிறது. அதன் பிறகு தண்ணீர் முன்பக்கத்திலேயே சுற்றிக்கொண்டு ரேடியேட்டருக்குத் திரும்பும். பின்பக்கத்து ஐந்தாம், ஆறாம் சிலிண்டர்கள் வெந்துகொண்டிருக்கும். புதிய கோர் போட்டும் சூடு குறையவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் குழாயைத்தான். சமதளத்தில் காற்று தாராளமாகக் கிடைப்பதால் குறை தெரியாது; லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊரும்போது தெரிந்துவிடும்.

பிரிக்காமலே சோதிக்க ஒரு வழி உண்டு. இஞ்சின் நன்றாகச் சூடானதும், எட்ட நின்று சூடு அளக்கும் கைக்கருவியால் பிளாக்கின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு சிலிண்டருக்கு நேராகவும் அளந்து பாருங்கள். கடைசி இரண்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் சந்தேகம் உறுதி. அப்போது ரேடியேட்டரையும் தண்ணீர் பம்பையும் கழற்றி, கம்பிக் கொக்கியால் குழாயை முன்பக்கமாக இழுக்க வேண்டும். முழுதாக வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். அதே சமயத்தில் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்ட மூடிகளையும் தட்டி எடுத்து, அடியில் சேறுபோலப் படிந்திருக்கும் துருவைக் கம்பியால் கிளறி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். இன்றைய கார்களின் உயர் அழுத்த ரேடியேட்டர் மூடியை மட்டும் இதில் பொருத்த வேண்டாம். அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி இந்த ரேடியேட்டர் செய்யப்படவில்லை.

இரண்டாவது, விக்கல். இந்த இஞ்சினில் பெட்ரோல் பம்பு, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே அமர்ந்திருக்கிறது. சூடு தாக்காமல் இருக்க நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்துத்தான் அனுப்பினார்கள். எழுபது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் மாறிய வண்டிகளில் அந்தத் தகரம் எங்கே போயிற்று என்றே தெரியாது. அது இல்லாவிட்டால், பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகி, இஞ்சினுக்குத் திரவம் போவது தடைப்படும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் இந்தத் தொந்தரவுக்கு வாய்ப்பு முன்பைவிட அதிகம். எத்தனால் பழைய ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பம்பு டயாஃப்ரத்தையும் பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி டேங்க் பெட்ரோலுடன் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது நல்லதல்ல.

இதனுடன் மற்றொன்றையும் பாருங்கள். மேனிஃபோல்டின் நடுவில், வெளியே ஒரு சிறு எடைக்கட்டியுடன், திரும்பும் மடல் ஒன்று இருக்கும். குளிர் நாடுகளில் கார்புரேட்டரைச் சூடாக்குவதற்காக வைத்தது. அது சூடேற்றும் நிலையிலேயே இறுகிப்போயிருந்தால், தென்காசி வெயிலில் கார்புரேட்டர் அடுப்பின் மேல் வைத்த பாத்திரம்தான். இஞ்சின் ஆறியிருக்கும்போது அந்தக் கட்டியைக் கையால் திருப்பிப் பாருங்கள். தடையின்றி அசைய வேண்டும்.

மறுபடி வண்டி நின்றால், ஏர் கிளீனரைக் கழற்றி, ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துக்கொண்டே கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். பெட்ரோல் பீறிட்டால் குறை பெட்ரோல் வரத்தில் இல்லை, தீப்பொறிக்கான காயிலிலோ கண்டென்சரிலோ இருக்கிறது. பீறிடாவிட்டால் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள். இதைப் பார்க்காமல் மின்விசிறி வாங்குவது வீண் செலவு.

மறுமொழி 2: கம்பம்பள்ளத்தாக்கு (கம்பம்)

புனலூர்க்காரர் சூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். எனக்குக் கவலை பிரேக்கைப் பற்றியது. நான் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிளிமவுத் ஒன்றைக் குமுளி மலைப்பாதையில் ஓட்டியவன்.

இந்த வண்டிகளில் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான், அதற்கு ஒரே சுற்று. எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே ரப்பர் ஹோஸ் மூன்றையும், எல்லாச் சக்கர சிலிண்டர்களின் வாஷர்களையும் மாற்றாமல் மலையேற வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்கு அடியில் இருப்பதால் எண்ணெய் அளவை யாரும் பார்ப்பதே இல்லை. விரிப்பைத் தூக்கினால் சிறு மூடி தெரியும், அதைத் திறந்து பாருங்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் உண்டு. முன்னோக்கிப் போகும்போது இரண்டு ஷூக்களும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டைகள்) தாமாகவே இழுத்துப் பிடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டி பின்னோக்கி உருளும்போது அதே ஷூக்களுக்குப் பிடி மிகவும் குறைவு. புளியரை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்று கிளம்பும்போது வண்டி பின்வாங்கினால், மிதியை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். உங்கள் பின்னால் நிற்பவருக்கும் உங்களுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் ஓடும் தண்டைப் பிடிக்கிறது. ஓடும் வண்டியை அதனால் நிறுத்த முயன்றால் தண்டும் இணைப்புகளும் சேதமாகும். அதைவிட ஆபத்தானது இது: பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கிவிட்டால், கை பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். தண்டு அசையாமல் நின்றாலும், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலும்போது தரையில் உள்ள சக்கரம் தாராளமாகத் திரும்பும். அதனால் தென்மலைச் சரிவில் பஞ்சர் ஆனால், முதலில் முன்சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது.

பஞ்சர் கடையில் கழற்றக் கொடுத்தாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். இடப்பக்கச் சக்கர போல்ட்டுகள் இடம்புரி. பையன் வழக்கம்போல இடமாகத் திருப்பினால் மேலும் இறுகும். நீளக் குழாயை மாட்டி மிதித்தால் போல்ட் முறியும். போல்ட்டின் தலையில் எல் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும்.

இறக்கத்தில் இரண்டாம் கியரை உச்சியிலேயே போட்டுவிடுங்கள். முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) இல்லை. பாதி இறக்கத்தில் அதைத் தேடினால் பல் உராயும் ஓசைதான் கேட்கும், கியர் விழாது. கோட்டைவாசலுக்கு அப்பால் தென்மலை வரை இறக்கம் செங்குத்து அல்ல, ஆனால் நீளமானது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே போனால் டிரம் சூடேறி மிதி ஆழத்துக்குப் போகும்.

டயருக்காக பொலிரோவின் 215/75 ஆர் 15ஐப் பலரும் பரிந்துரைப்பார்கள். விட்டம் ஒத்துவரும், ஆனால் உங்கள் ரிம்மின் அகலம் நாலரை அங்குலம்தான், அந்த டயருக்கு அது போதாது. 6.70-15 அளவில் தேடுங்கள், டியூபுடனேயே போடுங்கள்.

மறுமொழி 3: சாரல்காற்று (செங்கோட்டை)

விண்டேஜ் பதிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த வாகனத்துக்கு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் கிடைக்கும். புதிதாக எடுக்க 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். பார்க்க லாபம்போலத் தெரியும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. அத்தை வீட்டுக் கல்யாணம் அந்தப் பட்டியலில் இல்லை. ஓட்டுவதற்காக வைத்திருப்பவர் பழைய பதிவெண்ணையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்துக்கொள்வதுதான் நல்லது. காப்பீடு, புகைச் சான்று இரண்டையும் தாளிலும் எடுத்துச் செல்லுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

12 வோல்ட் மாற்றத்தில் எனக்கு உடன்பாடில்லை. 6 வோல்ட்டின் மேல் வரும் புகார்களில் பெரும்பாலானவை மெல்லிய கேபிளால் வருபவை. பிற்காலத்தில் யாரோ ஒருவர் 12 வோல்ட் வண்டியின் கேபிளை இதில் மாட்டியிருப்பார். சூடான இஞ்சினை அது சுற்றத் திணறும். பெருவிரல் பருமனுள்ள கேபிள் போட்டு, சேசிஸிலும் இஞ்சினிலும் எர்த் பிடிக்கும் இடத்தைப் பெயிண்ட் போகச் சுரண்டி இறுக்குங்கள். இந்த வண்டியில் எர்த் ஆவது பாசிட்டிவ் முனை என்பதைப் புதிய எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மேலகரத்தான்

மூவருக்கும் நன்றி. அளந்து பார்த்ததில் கடைசி இரண்டு சிலிண்டர்களின் பக்கம் கை வைக்க முடியாத சூடு. ரேடியேட்டரையும் பம்பையும் இறக்கினோம். புனலூர் அண்ணாச்சி சொன்ன குழாயின் முன்பகுதி சாண் நீளத்துக்கு வந்தது. மிச்சம் துருத் துகளாகவும் சிறு தகடுகளாகவும் வந்தது. பெட்ரோல் பம்புக்கு மேல் இருக்க வேண்டிய தகரத் தடுப்பும் இல்லை. புதிய குழாய் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆவணிக்குள் வருமா என்பது சந்தேகம். உள்ளூரில் செய்ய முடியுமா?

பக்கவால்வு (புனலூர்)

தாராளமாகச் செய்யலாம். பித்தளைத் தகட்டிலோ மெல்லிய எவர்சில்வர் தகட்டிலோ செய்யச் சொல்லுங்கள், இரும்பு வேண்டாம். வந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். குழாயின் குறுக்களவும் முதல் துளைகளின் இடைவெளியும் அதில்தான் இருக்கின்றன. மற்ற துளைகளின் இடத்தை, வால்வு மூடிகளைக் கழற்றி வால்வுகளின் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளலாம். எந்தத் துளை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைத் தகட்டில் கீறி அடையாளமிட்டே பட்டறைக்குக் கொடுங்கள்; தலைகீழாக நுழைந்தால் தண்ணீர் வால்வின் மேல் விழாமல் சுவரில் விழும். உள்ளே தள்ளுமுன் பிளாக்கின் வாயைச் சுத்தமாகத் துடைத்து, குழாய் கடைசி வரை தடையின்றிப் போகிறதா என்று வெறுமனே ஒருமுறை நுழைத்துப் பாருங்கள். பம்பின் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். தகரத் தடுப்பை அதே பட்டறையில் அரை மணி நேரத்தில் வளைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு கொல்லத்துக்கு நேரே கிளம்பாமல், காலையில் லாரிகள் குறைவாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை ஆரியங்காவு வரை ஏறி இறங்கி, அதே இடங்களில் மறுபடி அளந்து எழுதுங்கள்.