விரல்களை இழந்த தம்பிக்கு இழப்பீடு: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு சிறு பட்டறையில் பவர் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்துவந்த என் தம்பி, 2024 மார்ச்சில் நேர்ந்த விபத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இழந்துவிட்டான். அங்கே எட்டுப் பேர்தான் வேலை செய்ததால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு கிடையாது, ஆகவே 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம்தான் மனு கொடுக்க வேண்டும் என்று அறிந்தேன். மனுவுக்கான இரண்டு ஆண்டுக் கெடு நெருங்குவதே என் முதல் கவலை.

மருத்துவச் செலவை ஏற்ற முதலாளி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி செல்லாது என்று படித்தேன். ஆனால், சம்பளம் ரொக்கமாகவே தரப்பட்டு, ரசீதோ வருகைப் பதிவோ கையில் இல்லாத நிலையில், மாதம் 14,000 ரூபாய் வாங்கினான் என்பதை உடன் வேலை செய்தவர்களின் சாட்சியத்தைக் கொண்டு மட்டும் நிறுவ முடியுமா?

ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தால் உழைப்புத்திறன் இழப்பு 20 சதவீதம் என்று இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. பிரஸ் வேலையைத் தவிர வேறு தொழில் அறியாதவனுக்கு (இப்போது பேனா பிடிக்கவே தடுமாறுகிறான்) அதைவிடக் கூடுதலாகக் கேட்க வழியுண்டா?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்கிறார்கள். அவ்வழியில் சென்றவர்களும், இத்தகைய வழக்குகளை நடத்திய வழக்கறிஞர்களும், எந்தெந்த ஆவணங்களுடன் செல்ல வேண்டும் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.