கோஃபை மாத்துனது யாரு, பென் ஜான்சனா இல்ல ஓ-லைனா?

நோவைவாசி:
மிச்சிகன்ல நோவை பக்கம் இருக்கேன், ஆபீஸ்ல திங்கக்கிழமை ஆனா டெட்ராய்ட் லயன்ஸ், அதான் இங்கத்த அமெரிக்கன் ஃபுட்பால் டீம், அது பேச்சு தவிர வேற எதுவும் ஓடாது, நானும் அப்படியே உள்ள இழுபட்டுட்டேன். ரூல்ஸ் எல்லாம் ஓரளவு புரிஞ்சுபோச்சு, ஆனா ஒரு விஷயம் மட்டும் இன்னும் மண்டைல ஏறல. 2021ல லயன்ஸ் 3-13-1 (3 வெற்றி, 13 தோல்வி, 1 டை), சீசன் முழுக்க சேத்தே 325 பாயிண்ட். அடுத்த வருஷம் பென் ஜான்சன் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (பாயிண்ட் அடிக்கிற பக்கத்தைப் பாத்துக்குற கோச்) ஆனாரு, 453. 2023ல 461. 2024ல 564, லீக்லயே நம்பர் ஒன், 15-2. இத்தனைக்கும் பாஸ் போடுற குவார்ட்டர்பேக் அதே ஜாரட் கோஃப்தான்.

பக்கத்து சீட்டு ஆளு எல்லாம் ஜான்சன் மூளைங்கறான். எதிர் சீட்டு ஆளு, போப்பா, முன்னாடி ஓ-லைன்னு அஞ்சு மலை நிக்குது, அதுக்குப் பின்னாடி நீ நின்னாலும் பாஸ் போடுவன்னு சொல்றான். நான் கிரிக்கெட் பாத்து வளந்தவன், கோச்னா பால்கனில உக்காந்து நோட்டுல ஏதோ குறிச்சுக்கிட்டு இருப்பாருன்னுதான் பழக்கம். இங்க கோச் நிஜமாவே மேட்ச்சுக்குள்ள என்ன பண்றாரு? அதால ஒரு டீமோட அஃபென்ஸ் இவ்வளவு ஏறுமா?

நாலாவது டவுன்:
நல்ல கேள்வி ப்ரோ, கொஞ்சம் நீளமா சொல்றேன் டீ எடுத்துட்டு வந்துருங்க.

மொதல்ல மேட்ச்சுக்குள்ள கோச் என்ன பண்றாருங்கறது. குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டுக்குப் பின்னாடி ஒரு பச்சைப் புள்ளி இருக்கும் பாருங்க, உள்ள ஸ்பீக்கர் இருக்குன்னு அர்த்தம். ஒரு ப்ளே (கிரிக்கெட்ல ஒரு பந்து மாதிரி) முடிஞ்சா 40 செகண்ட் க்ளாக் ஓட ஆரம்பிக்கும், 15 செகண்ட் மிச்சம் இருக்கும்போது அந்த லைன் கட் ஆயிடும், அதுக்குள்ள ப்ளே காலர், அதான் அடுத்து என்ன ஆடணும்னு முடிவு பண்ற கோச், அடுத்த ப்ளேவை அவர் காதுல சொல்லி முடிச்சாகணும். ஒரு மேட்ச்ல அறுபது எழுபது தடவை இது நடக்குது. ஆக இங்க கோச் பால்கனில இல்ல, ஒவ்வொரு பந்துக்கும் உள்ளயே இருக்காரு.

இப்ப கோஃப். 2016 ட்ராஃப்ட்ல (காலேஜ் ஆளுங்களை டீம்கள் வரிசையா எடுக்குறது) நம்பர் ஒன் பிக்கா லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ்க்கு வந்தாரு, ஸ்டார்ட் பண்ண 7 மேட்ச்லயும் தோல்வி, 5 டச்டவுன் 7 இன்டர்செப்ஷன் (எதிராளி கைல போன பாஸ்), ஆளு அவ்வளவுதான்னு எழுதியே முடிச்சுட்டாங்க. 2017 ஜனவரில 30 வயசு ஷான் மெக்வே ஹெட் கோச்சா வராரு, அந்த சீசன்லயே அதே கோஃப் 28 டச்டவுன் 7 இன்டர்செப்ஷன், டீம் 224 பாயிண்ட்ல இருந்து 478க்குப் போச்சு, லீக்ல கடைசில இருந்து முதல் இடம். அப்புறம் 2021ல மெக்வேக்கே அவர் வேண்டாம்னு ஆகி ரெண்டு முதல் ரவுண்டு பிக்கையும் சேத்துக் குடுத்து டெட்ராய்ட்டுக்கு அனுப்பி மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்குனாங்க. டெட்ராய்ட்ல அந்த வருஷம் ஆண்டனி லின் கோஆர்டினேட்டர், ஒண்ணும் ஓடல. பாதி சீசன்ல ஹெட் கோச் டேன் கேம்ப்பெல் ப்ளே காலிங்கைத் தானே எடுத்துக்கிட்டாரு, டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யுற ஆளு) கோச்சா இருந்த ஜான்சனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பாஸிங் கேமை அவர்கிட்ட விட்டாரு. அதுக்கப்புறம்தான் நாலாவது ரவுண்டுல எடுத்த ரிசீவர் (பாஸ் பிடிக்கிற ஆளு) அமோன்-ரா செயின்ட் பிரவுன் கடைசி ஆறு மேட்ச்லயும் எட்டு கேட்ச், அதுக்கு மேலன்னு பிடிக்க ஆரம்பிச்சாரு. நவம்பர்ல யாரும் புதுசா ட்ராஃப்ட் பண்ணல, அதே பசங்கதான்.

அப்படி என்னதான் பண்ணாரு ஜான்சன்? என் பார்வைல, கோஃபால என்ன முடியாதோ அதைச் செய்யச் சொல்றதை நிறுத்துனாரு. கோஃப் ஓடுற ஆளு இல்ல, ப்ளே உடைஞ்சா ஓடிக்கிட்டே ஏதாவது உருவாக்குற ஆளும் இல்ல. ஆனா கால் நிதானமா இருந்து, எங்க பாக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சா, நடு ஃபீல்டுல அவர் போடுற பாஸ் டைமிங் பிரமாதம். அதனால லைன் நடுவுல பந்தைக் குடுக்குற சென்டருக்கு நேர் பின்னாடி நிக்க வெச்சு, ரன் மாதிரியே ஆரம்பிச்சு பாஸா முடியுற ப்ளே ஆக்ஷனா அடுக்குனாரு. ஓடுறதும் பாஸ் போடுறதும் முதல் ரெண்டு செகண்டு ஒரே மாதிரி தெரியும், லைன்பேக்கர் (எதிர் டீம் லைனுக்குப் பின்னாடி நிக்குற டிஃபென்ஸ் ஆளு) ஒரு அடி முன்னால வந்தா போதும், அவன் பின்னாடி செயின்ட் பிரவுனோ டைட் எண்ட் லாபோர்ட்டாவோ ஃப்ரீயா நிப்பாங்க. ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால குடுக்குற நொடி) முன்னாடி ஆளை நகத்தி டிஃபென்ஸ் மேன் கவரேஜா (ஆளுக்கு ஆள்) ஸோனான்னு (இடத்துக்கு ஆள்) கோஃபுக்குக் காட்டிக் குடுக்குறதும் இதுல சேத்தி.

சேட்டையும் உண்டு. 2022 டிசம்பர்ல வைக்கிங்ஸோட மேட்ச், முடிய ரெண்டு நிமிஷம், மூணாவது டவுன் (நாலு வாய்ப்புல மூணாவது), இன்னும் 7 கெஜம் போகணும், எல்லாரும் என்னவோ எதிர்பாத்துட்டு இருக்க, லைன்ல நின்னு தடுக்குற டேக்கிள் பெனே சூவெலுக்குப் பாஸ் போட்டாங்க, 9 கெஜம், மேட்ச் முடிஞ்சுது. அவ்வளவு பெரிய உடம்பு பாஸ் பிடிச்சு ஓடுறதைப் பாத்து நான் சோஃபால இருந்து விழுந்தேன். 2024ல பேர்ஸ்கிட்ட கோஃப் தடுமாறுற மாதிரி நடிச்சு, ரன்னிங் பேக் (ஓடுற ஆளு) கிப்ஸ் நிஜமாவே விழுந்த மாதிரி விழுந்து, எதிர் டீம் "ஃபம்பிள்"னு (பந்து கைநழுவிடுச்சுன்னு) பாயும்போது லாபோர்ட்டாவுக்கு டச்டவுன்.

முன்வரிசை முனியாண்டி:
நாலாவது டவுன் அண்ணே அழகா எழுதிருக்கீங்க, ஆனா ஒரு விஷயத்தை நைசா தாண்டிட்டீங்களே.

2021 நவம்பர்ல கேம்ப்பெல் ப்ளே காலிங் எடுத்த அதே ஸ்டீலர்ஸ் மேட்ச்லதான் லெஃப்ட் டேக்கிள் டெய்லர் டெக்கர் விரல் அடி சரியாகி அந்த சீசன்ல முதல் தடவையா உள்ள வந்தாரு. அதுவரைக்கும் ரைட்டுக்குன்னு எடுத்த ரூக்கி (முதல் வருஷ) சூவெல் டெக்கருக்குப் பதிலா லெஃப்ட்ல ஆடிட்டு இருந்தான், டெக்கர் வந்ததும் ரைட்டுக்குப் போய் செட் ஆயிட்டான். சென்டர் ஃப்ராங்க் ராக்னோ நாலு மேட்ச்லயே கால் விரல் போய் உக்காந்தவரு 2022லதான் திரும்பினாரு. அதே பசங்கன்னு சொல்றீங்க, எங்க அதே பசங்க?

நீங்க சொல்ற ப்ளே ஆக்ஷன் எல்லாம் முதுகைத் திருப்பி நின்னு மறுபடி திரும்பிப் பாக்குற வேலை, அதுக்கு டைம் வேணும், அந்த டைம் யாரு குடுக்குறா? டெக்கர் முதல் ரவுண்டு, ராக்னோ முதல் ரவுண்டு, சூவெல் ஏழாவது பிக். ப்ராட் ஹோம்ஸ் ஜெனரல் மேனேஜரா வந்து முதல்ல எடுத்த ஆளே சூவெல்தான், எல்லாரும் அப்ப ரிசீவர் எடுங்கடான்னு கத்துனாங்க. ராம்ஸ் கதைலயும் இதேதான், 2017ல மெக்வே மட்டுமா வந்தாரு, சின்சினாட்டில இருந்து ஆண்ட்ரூ விட்வொர்த் லெஃப்ட் டேக்கிளுக்கு வந்தாரு, ஜான் சல்லிவன் சென்டருக்கு வந்தாரு. ரன்னிங் பேக் டாட் கர்லி 2016ல ஒரு ஓட்டத்துக்கு சராசரி 3.2 கெஜம், அடுத்த வருஷம் அஃபென்சிவ் ப்ளேயர் ஆஃப் த இயர். பேப்பர்ல பேரு வர்றது கோச்சுக்கு, முட்டி தேயுறது லைனுக்கு.

ஸ்கார்பரோ சிவா:
நான் டொரோண்டோவில இருந்து, பஃபலோ பில்ஸ் டீம் ஆள். முனியாண்டி சொல்லுறதில இன்னும் ஒண்டு சேர்க்கலாம், அந்த 2017 ராம்ஸுக்கு எங்கட பஃபலோவில இருந்துதான் ராபர்ட் வுட்ஸும் சாமி வாட்கின்ஸும் போனவை. கூப்பர் கப்பையும் அந்த வருஷம்தான் மூண்டாம் ரவுண்டில எடுத்தவை. ரிசீவர் வரிசை முழுக்கப் புதுசு.

ஆனா வுட்ஸ் எங்களிட்ட நாலு வருசம் விளையாடி ஒருக்காலும் ஆயிரம் கெஜம் தொடேல்லை. அங்க போய் 2018ல தொட்டவர். ஆள் அதே ஆள்தானே. அதுக்கு என்ன சொல்லுறது?

முன்வரிசை முனியாண்டி:
அது பாயிண்ட் சிவா அண்ணே, ஆனா பஃபலோல பாஸ் போட்டது யாருன்னும் பாக்கணுமில்ல 😄

நோவைவாசி:
சண்டை நல்லாருக்கு, கன்டினியூ பண்ணுங்க. ஒரு சந்தேகம், 2025ல ஜான்சன் சிகாகோ பேர்ஸ் ஹெட் கோச்சா போயிட்டாரே, அப்ப ரெண்டு டீமையும் பாத்தா பதில் கிடைச்சிருக்கணுமே?

நாலாவது டவுன்:
கிடைச்சிருக்கணும், ஆனா ரெண்டு பக்கமும் கலந்துபோச்சு. லயன்ஸ்ல ஜான் மார்ட்டன் கோஆர்டினேட்டரா வந்தாரு, பாதி சீசன்ல மறுபடியும் கேம்ப்பெல்லே ப்ளே காலிங்கை வாங்கிக்கிட்டாரு, ஜான்சன் இல்லாத குறை தெரிஞ்சுதுன்னு நான் சொல்லுவேன். முனியாண்டி உடனே, ராக்னோ ரிட்டயர் ஆயிட்டாரு, கார்ட் கெவின் ஸைட்லர் டென்னஸிக்குப் போயிட்டாருன்னு வருவாரு. சரிதான். அந்தப் பக்கம் பேர்ஸ் 2024ல 5-12, அவங்க குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எதிர் டீம்கள் 68 தடவை சாக் (பாஸ் போடறதுக்கு முன்னாடியே கீழ தள்ளுறது) பண்ணாங்க, ஜான்சன் வந்த வருஷமே டிவிஷன் ஜெயிச்சாங்க. ஆனா அவர் வந்ததும் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன்னு உள் லைன் மூணு இடத்துக்கும் புது ஆளு வந்தாச்சு. எவனும் ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்தி நமக்கு வசதி பண்ணித் தர மாட்டேங்கறான்.

ஆனா லைன் மட்டுமே காரணம்னா ஒரு விஷயம் இடிக்குது முனியாண்டி. 2018 ராம்ஸ் லைன் லீக்லயே டாப்ல ஒண்ணு, 527 பாயிண்ட் அடிச்ச டீம், சீஃப்ஸ்கிட்ட 54-51னு ஜெயிச்ச டீம். டிசம்பர்ல சிகாகோல விக் ஃபாஞ்சியோ டிஃபென்ஸ்கிட்ட 6 பாயிண்ட்தான், கோஃப் நாலு இன்டர்செப்ஷன். பிப்ரவரில சூப்பர் பவுல் ஃபைனல்ல பேட்ரியாட்ஸ் கோச் பெலிச்சிக் லைன்ல ஆறு பேரை நிறுத்தி ஓட்டத்தை அடைச்சாரு, ஓட்டம் நின்னதும் ப்ளே ஆக்ஷனை நம்ப யாரும் இல்ல, மொத்தமே 3 பாயிண்ட். லைன் அதேதான், கோஃப் அதேதான், எதிர்ல இருந்த கோச் போட்ட திட்டம்தான் வேற. ஒரு கோச்சால அஃபென்ஸை இப்படி அணைக்க முடியும்னா, இன்னொரு கோச்சால ஏத்தவும் முடியுந்தானே?

ஜான்சனையும் நான் சாமியாக்கல. 2025 ஜனவரி ப்ளேஆஃப்ல கமாண்டர்ஸ்கிட்ட 45-31 தோத்த மேட்ச்ல, நாலாவது குவார்ட்டர்ல ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸை பாஸ் போட வெச்சு அது இன்டர்செப்ஷன் ஆச்சு. அந்த நேரத்துல அந்த சேட்டை தேவையே இல்ல, இன்னிக்கும் எனக்குக் கடுப்பு.

முன்வரிசை முனியாண்டி:
சூப்பர் பவுல் வாதத்தை ஒத்துக்கிறேன், ஏத்துனது யாருங்கறதுல பாதிக்குப் பாதின்னு வேணா வெச்சுக்குவோம். ஹோம்ஸுக்கும் ஒரு பங்கு வைங்க, கிப்ஸ், லாபோர்ட்டா ரெண்டு பேரும் ஒரே ட்ராஃப்ட், 2023.

நோவைவாசி:
சரி, நான் எந்த மேட்ச் எல்லாம் திரும்பப் பாத்தா இது கண்ணுல தெரியும்?

நாலாவது டவுன்:
2024 செப்டம்பர் 30, சீஹாக்ஸ் மேட்ச். கோஃப் 18க்கு 18, ஒரு பாஸ் கூட கீழ விழல, அதுக்கு மேல செயின்ட் பிரவுன் போட்ட பாஸைப் பிடிச்சு ஒரு டச்டவுன் வேற. பந்தைப் பாக்காதீங்க, ஸ்னாப் ஆன உடனே லைன்பேக்கர் எந்தப் பக்கம் சாயுறான்னு மட்டும் பாருங்க, பாதி மேட்ச்லயே பிடிபட்டுடும். அது முடிஞ்சதும் சூப்பர் பவுல் 53 போடுங்க, அதே ஆளு எப்படித் திணறுறாருன்னு தெரியும். 13-3 மேட்ச், நடுவுல தூங்கிட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல.