படிக்கட்டு வீட்டார் குழு: வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர்

வியாழன், காலை 7.05

ப்ரியா: [படம்] மேல் ரோட்டு டீக்கடைச் சுவரில் குன்னூர் நகராட்சி நோட்டீஸ். எல்லாரும் படிங்க.

மணி மாமா: காலை வணக்கம் 🙏

லதா அத்தை: எழுத்து தெரியவில்லை கண்ணு. கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

சுந்தரம் சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். லதாவுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல் ரோட்டில் சர்ச் வளைவிலிருந்து ரேஷன் கடை வரை இனி மலைப் பக்கம் மட்டும்தான் வண்டி நிறுத்தலாம். பள்ளத்துப் பக்கம், அதாவது நம் படிக்கட்டு இறங்கும் பக்கம், நிறுத்தக் கூடாது. வெளியூர் வண்டிக்கு மணிக்கணக்கில் கட்டணம். குடியிருப்பவர்களுக்கு ஸ்டிக்கர் உண்டு, ஒரு சொத்து வரி எண்ணுக்கு ஒன்று. ஓடாமல் நிற்கும் வண்டிகளை உரியவர்களே 15 நாளில் எடுத்துவிட வேண்டும். இது உத்தரவு அல்ல, கருத்துக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். நாளை மாலை 5 மணிக்குள் எழுதிக் கொடுக்கலாம். சனிக்கிழமை 11 மணிக்குப் பகுதி சபைக் கூட்டம், அங்கேயும் பேசலாம். பகுதி சபை என்பது கிராம சபை மாதிரி நகரத்துக்கு வந்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதலில் நடத்தினார்கள். நான் போயிருந்தேன். நம் தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

தினேஷ்: இதுதான் சுருக்கமா சித்தப்பா 😂

சரோஜா பெரியம்மா: [குரல் பதிவு 2:41]

லதா அத்தை: அண்ணி என்ன சொல்கிறார்கள்? பஸ்ஸில் இருக்கிறேன், கேட்க முடியாது.

பாபு: நம்ம ஓடாத அம்பாசடர் கார். வேறென்ன.

அமுதா: ஞாயிற்றுக்கிழமை என் வளைகாப்பு, ஞாபகம் இருக்கா யாருக்காவது? திருப்பூரிலிருந்து ஒரு வேன், மூணு கார் வருது. எங்கே நிறுத்துவது? அதை முதலில் சொல்லுங்க.

சுந்தரம் சித்தப்பா: ஞாயிறு பழைய வழக்கம்தான் அம்மா, ஒன்றும் மாறாது. ஆனால் நாலு வண்டிக்கும் இ-பாஸ் எடுத்துவிடச் சொல். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி மாவட்ட வண்டிக்குக் கட்டாயம். 2025 சீசனில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

மணி மாமா: மேட்டுப்பாளையத்தில் நின்றால் மலை தெரியும். எனக்குமா பாஸ்?

சுந்தரம் சித்தப்பா: டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு, இல்லையென்றால் பாஸ் வேண்டும் மாப்பிள்ளை. கல்லாறு சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். கோத்தகிரி வழியாக வந்தால் குஞ்சப்பனையில். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கிடையாது.

லதா அத்தை: அப்போது எல்லாரும் பஸ்ஸிலேயே வரலாமே.

அமுதா: அவர் வீட்டார் பஸ்ஸில் வர மாட்டாங்க அத்தை.

லதா அத்தை: ஓஹோ. நாங்கள் மட்டும் பஸ்ஸா.

அமுதா: ஐயோ அப்படிச் சொல்லலை

மணி மாமா: நான் ரயிலில் வருகிறேன். 7.10-க்கு ஏறினால் பத்தரைக்கு அங்கே. நிறுத்த இடமே வேண்டாம்.

தினேஷ்: டிக்கெட் கிடைச்சால் சொல்லுங்க மாமா, போட்டோ எடுத்து மாட்டிடலாம்

காலை 9.20

பாபு: வரி எண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர் என்றால் நமக்கு எத்தனை?

ப்ரியா: ஒண்ணு

பாபு: மூணு அடுப்பு எரியுதே

ப்ரியா: எண் ஒண்ணுதான் அண்ணா. இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கு.

பாபு: இதுக்குத்தான் எங்கப்பா உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரிக்கச் சொன்னேன்.

அப்பா: 👍

தினேஷ்: அப்பா, எதுக்கு இந்தக் கட்டைவிரல்?

அப்பா: படித்துவிட்டேன் என்று அர்த்தம்.

சுந்தரம் சித்தப்பா: பாகம் என்றதால் சொல்கிறேன். அரையாண்டு வரியை இத்தனை காலமாகக் கட்டுவது யார்? ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்று ஓடிப்போய்க் கட்டுவது யார்? ரசீது அத்தனையும் என் பீரோவில் இருக்கிறது. பெயர் மாற்றம் செய்யத் தயார். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், எல்லார் கையெழுத்தும் வேண்டும். லதாவும் வாரிசுதான்.

லதா அத்தை: என் பாகத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் கொடுங்கள். இங்கே பீரோவில் ஒட்டிக்கொள்கிறேன்.

மணி மாமா: 😂😂

பாபு: யார் கட்டினாலும் சரி. சித்தப்பாவிடம் இருப்பது ஸ்கூட்டர். என்னுடையது மஞ்சள் போர்டு, அது ஓடினால்தான் எங்களுக்குச் சோறு. ஸ்டிக்கர் எதுக்குப் போகணும்?

தினேஷ்: எனக்கு இன்னும் நாலு வருஷம் தவணை இருக்கு அண்ணா

பாபு: ஆபீசில் நிறுத்து.

தினேஷ்: ராத்திரியிலுமா?

சரோஜா பெரியம்மா: [குரல் பதிவு 0:52]

ப்ரியா: பெரியம்மா கேட்பது: ஹோம் ஸ்டே வீட்டுக்கு வருகிற கார்களை ஒருத்தரும் கேட்கிறதில்லையாம், சொந்த வீட்டுக்காரன் ஸ்டிக்கருக்கு அடிச்சுக்கணுமாம்.

லதா அத்தை: அண்ணி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தினேஷ்: நேற்று ராத்திரி என் கார் பக்கத்தில் காட்டெருமை நின்றது தெரியுமா? பெரிசு. கண்ணாடி மடங்கி, கதவில் ஒரு பள்ளம். [படம்]

அமுதா: அடப்பாவமே

மணி மாமா: அதுக்கு ஸ்டிக்கர் இருந்ததா?

ப்ரியா: அது கார்மேல் சாய்ஞ்சு முதுகு சொறிஞ்சுது. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கார் அப்படியே ஆடுச்சு.

தினேஷ்: பார்த்துட்டு சும்மா இருந்தியா?

ப்ரியா: போய் விரட்டட்டுமா?

பாபு: கம்பெனியில் கேட்டுப் பார். முழு காப்பீடு என்றால் தருவார்கள். போட்டோவில் ரோமம் ஒட்டியிருக்கிறது, துடைத்துவிடாதே.

லதா அத்தை: கரடி வருகிறதா இன்னும்?

ப்ரியா: பேக்கரிப் பின்கதவை உடைச்சு எண்ணெய் டின்னைக் காலி பண்ணியது. போன வாரம்.

லதா அத்தை: அந்த பேக்கரி வர்க்கிதான் வேண்டும் எனக்கு. ஞாயிறு இரண்டு கிலோ எடுத்துவைக்கச் சொல்.

அமுதா: என் வளைகாப்பு 🙏

மதியம் 1.40

சுந்தரம் சித்தப்பா: சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். 1866-ல் நகராட்சி ஆன ஊர் இது. மேல் ரோடு மாட்டு வண்டிக்கும் குதிரைக்கும் போட்ட ரோடு. அகலப்படுத்த மேலே வெட்டினால் மண் சரியும், கீழே கட்டினால் தடுப்புச் சுவர் நம் ஓட்டின் மேல் விழும். எனவே ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது என்பது சரியான யோசனையே. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டால் எங்கே ஒதுங்குவது? இன்னொன்று. டயருக்குக் கல் வைக்கிறார்களே, வண்டியை எடுக்கும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். மழையில் ஸ்கூட்டரில் வருகிறவனுக்குக் கல்லும் தெரியாது, குழியும் தெரியாது. போன மாதம் நான் விழுந்தது அப்படித்தான். அந்தக் கல்லில் நீல பெயின்ட் இருந்தது.

தினேஷ்: நீல பெயின்ட் நம்ம கேட்டுக்கு அடிச்சது

பாபு: என்னைத்தானே சொல்கிறீர்கள். நேராகவே சொல்லலாம்.

சுந்தரம் சித்தப்பா: பெயர் சொல்லவில்லை.

அப்பா: 👍

தினேஷ்: அப்பா!!

சரோஜா பெரியம்மா: இது ப்ரியா டைப் பண்ணித் தருது. நான் சொல்லச் சொல்ல. அந்தக் கார் என் மாமனார் வாங்கியது. அதில்தான் லதா கல்யாணத்துக்குப் போனோம். அதில்தான் பாபு பிறந்து வீட்டுக்கு வந்தான். கம்பெனியே 2014-ல் அந்தக் கார் செய்வதை நிறுத்திவிட்டது, இனி காசு கொடுத்தாலும் புதுசு வராது. தார்ப்பாய் போட்டு ஓரமாக நிற்கிறது. யாருக்கு என்ன இடைஞ்சல்?

லதா அத்தை: ஆமா அண்ணி. பின் சீட்டில் ஆறு பேர்.

மணி மாமா: நான் முன்னால். கியர் போட்டால் முழங்காலில் இடிக்கும்.

ப்ரியா: ஆர்.சி. தாத்தா பேரில், 15 வருஷம் தாண்டிப் புதுப்பிக்கலை. ஓடவும் இல்லை. நோட்டீசில் சொல்கிற வண்டி அதுதான் பெரியம்மா. (இது நான் சொல்வது, பெரியம்மா இல்லை.)

பாபு: அம்மா, இடைஞ்சல் யாருக்கு என்று கேட்காதீங்க. அப்பாவை நாற்காலியில் வைத்துப் படி ஏற்றினோமே, நான், தினேஷோட அப்பா நடராஜ் சித்தப்பா, பால்கார அண்ணன். 108 வந்து சர்ச் வளைவிலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் ஹோம் ஸ்டே கார். அந்தப் பக்கம் நம்ம அம்பாசடர். நடுவில் ஆட்டோகூடப் போகாது. அங்கே வரைக்கும் மழையில் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

மாலை 4.15

மணி மாமா: [பலமுறை முன்னனுப்பப்பட்டது] தினமும் காலையில் வெந்நீரில் சீரகம் போட்டுக் குடித்தால்

லதா அத்தை: என்னங்க இது, இந்த நேரத்தில்.

மணி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலை 6.30

அப்பா: பாபு சொன்னது உண்மை. ஒரு காரை எடுத்திருந்தாலே வண்டி வந்திருக்கும்.

ப்ரியா: பெரியம்மா போனை என்கிட்டே கொடுத்துட்டு உள்ளே போயிட்டாங்க.

சுந்தரம் சித்தப்பா: அண்ணியை யாரும் வற்புறுத்த வேண்டாம். காரைப் பற்றி வளைகாப்பு முடிந்து பேசலாம். நாளைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஆணையாளருக்கு. ஒரு பக்கம் நிறுத்துவதை வரவேற்கிறோம். படிக்கட்டு இறங்கும் இடத்தில் இரண்டு வண்டி நீளத்துக்கு மஞ்சள் கோடு போட்டு யாரும் நிறுத்தாமல் வைக்க வேண்டும். ஆம்புலன்சுக்கும், சிலிண்டர் வண்டிக்கும், காரியம் என்றால் அமரர் ஊர்திக்கும். சிலிண்டர்க்காரர் இப்போது ரேஷன் கடையிலிருந்து தோளில் சுமந்து வருகிறார், அதுவும் எழுதியிருக்கிறேன். கட்டண வசூலைக் குத்தகைக்கு விட்டால் ரசீதும் விலைப்பலகையும் கட்டாயம். மே மாதம் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழியாக விடும்போது, பழக்காட்சிக்கு வருகிற கார் எல்லாம் மேல் ரோட்டுக்குள் நுழைகிறது, அதற்கு ஆள் போட வேண்டும். மொத்தம் மூன்று பக்கம் வந்துவிட்டது.

தினேஷ்: மூணு பக்கத்தை யார் படிப்பாங்க?

ப்ரியா: அப்பா, உங்க கடிதத்தில் ஸ்டிக்கரை வரி எண்ணுக்குப் பதிலா ரேஷன் கார்டுக்கு ஒண்ணுன்னு கேளுங்க. நமக்கு மூணு கார்டு. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் கிடைக்கும், இப்போ அவங்களுக்கு வழியே இல்லை.

பாபு: இது சரி.

சுந்தரம் சித்தப்பா: தெருவில் எத்தனை கார்டு இருக்கிறது தெரியுமா? எல்லாருக்கும் ஸ்டிக்கர் கொடுத்தால் ரோடு நீளாது. ஒரு பக்கத்தை ஏற்கெனவே விட்டுக்கொடுக்கிறோம். ஸ்டிக்கர் இருக்கும், இடம் இருக்காது.

ப்ரியா: அதனால்தான் ஓட்டுகிற வண்டிக்கு மட்டும்னு சேர்த்து எழுதணும். டூவீலருக்குத் தனி இடம் கேட்டால் உங்க ஸ்கூட்டர் கணக்கில் வராது.

சுந்தரம் சித்தப்பா: என் ஸ்கூட்டருக்கு ஸ்டிக்கர் இல்லையா?

பாபு: ப்ரியா படிக்கிற படிப்பு வீணாகவில்லை.

அமுதா: சரி, கடிதம் போகட்டும். ஞாயிறு வேன் எங்கே நிற்கும்? இதோடு எத்தனாவது தடவை கேட்கிறேன்.

பாபு: ஆட்களை ரேஷன் கடையில் இறக்கிவிட்டு டிரைவரை ஸ்டாண்டுக்கு அனுப்பு. நான் சொல்லிவைக்கிறேன். ஒரு காருக்கு என் இடத்தைத் தருகிறேன். என் வண்டியும் அன்றைக்குச் சவாரி போகாது.

அமுதா: நன்றி அண்ணா. மத்த ரெண்டு கார்?

பாபு: தார்ப்பாய்க்கு முன்னால் ஒன்று நிற்கும்.

லதா அத்தை: பாபு.

பாபு: சரி, விடுங்க.

இரவு 8.50

சுந்தரம் சித்தப்பா: கடிதத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலை 10 மணிக்குள் என் வீட்டுத் திண்ணைக்கு வரவும். ஸ்டிக்கர் பத்தியை இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கிறேன், எதை வைப்பது என்று அப்போது முடிவு செய்யலாம். சனிக்கிழமை கூட்டத்துக்கு யார் வருகிறீர்கள்?

தினேஷ்: எனக்கு சனிக்கிழமை ஷிப்ட்

பாபு: சனிக்கிழமை சவாரி நாள். சித்தப்பா பேசினால் போதும்.

சுந்தரம் சித்தப்பா: போன தடவையும் இதையே சொன்னாய்.

அப்பா: 👍

ப்ரியா: பெரியப்பா, இது வருகிறேன்னு அர்த்தமா, படிச்சேன்னு அர்த்தமா?

சரோஜா பெரியம்மா: [குரல் பதிவு 0:09]

லதா அத்தை: என்ன சொல்கிறார்கள்?

ப்ரியா: கூட்டத்துக்குத் தானே வராங்களாம். கார் சாவி யாரிடம் இருக்குன்னு கேட்கிறாங்க.

பாபு: என்னிடம் இல்லை.

சுந்தரம் சித்தப்பா: என் பீரோவில் இருக்கலாம். பார்க்கிறேன்.

அமுதா: அத்தை, வளையல் எத்தனை டஜன் சொல்லட்டும்?