பர்மாவில் மழைக்கால நெஞ்சு இழுப்பு: நீங்கள் பார்த்த கைக்குழந்தை

மௌல்மீன் நர்ஸ்

ஜூலை வந்தால் வார்டில் கட்டில் கிடைக்காது, காரணம் பிள்ளைகளின் நுண்ணிய மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸ்தான். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து, அண்ணன்காரனுக்குச் சளி பிடித்து, அடுத்த வாரம் தொட்டிலுக்கு வந்துவிட்டது. ஏழு வாரப் பிள்ளை, அதுவும் குறைமாதம். இருமலே இல்லாததால் வீட்டில் யாரும் பயப்படவில்லை. நாலு வாய் உறிஞ்சும், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மடியில் கிடக்கும்போதே மார்பு அசைவது நின்றது. உதட்டோரம் நீலம் படர்ந்தது. உள்ளங்காலைச் சுண்டிய பிறகுதான் மூச்சை இழுத்தது. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு இருமலும் இழுப்பும் வருவதற்கு முன்பே இப்படி மூச்சு நிற்கலாம். சளி பிடித்த சின்னப் பிள்ளை சத்தமில்லாமல் துவண்டு கிடந்தால் "நல்லாத் தூங்குது" என்று விடாதீர்கள்.

தம்வே கம்பவுண்டர்

அக்கா சொன்னது சரி, ஆனால் இருமி இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கு நடக்கும் தப்பு வேறு. ஐந்து மாதக் குழந்தை, மூன்றாம் நாள். மருந்துக்கடையில் கலந்து கட்டிக்கொடுத்த பொட்டலத் தூள், அதற்கு மேல் ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் புகை மூன்று தடவை. இழுப்பு அப்படியே இருந்தது, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது.

இது ஆஸ்துமா மாதிரி குழாய்த் தசை இறுகுவதில்லை. நுண்ணிய மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கி, உதிர்ந்த செல்லும் சளியும் சேர்ந்து அடைக்கிறது. குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்குத் தடை பதினாறு மடங்கு. தசையைத் தளர்த்தும் மருந்து அங்கே என்ன செய்யும்? ஸ்டீராய்டும் உதவாது, ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை மோசமாகி அப்புறம்தான் இறங்கும். அதற்குள் நாலு கடை ஏறி மருந்து மாற்றாதீர்கள்.

செய்ய வேண்டியது மூக்கில். சின்னப் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அது அடைத்தால் பாலும் நின்றுபோகும். 0.9 சதவீத நார்மல் சலைன் உப்புநீர், ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு, ஒரு நிமிடம் பொறுத்து ரப்பர் குமிழால் உறிஞ்சுங்கள். குமிழை வெளியே அமுக்கி, அப்புறம் மூக்கின் வாயில் வைத்து மெல்ல விட வேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் சளி பின்னால் போய்விடும். பால் கொடுக்கும் முன்பு செய்யுங்கள், கொடுத்த பிறகு செய்தால் கக்கிவிடும். அடிக்கடி ஆழமாக உறிஞ்சினால் மூக்கே வீங்கும்.

பெகு கருவிக்காரர்

மூன்று மாதப் பிள்ளைக்கு வாடகை கான்சென்ட்ரேட்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போனது, பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு தொட்டிலுக்குக் குனிந்தார். ஆக்சிஜன் ஓடிய துணிப்பக்கம் தீ! பார்த்தவர் கையைத் தட்டிவிட்டதால் தப்பியது. டார்ச் மட்டும்தான், சாமி விளக்கும் ஊதுபத்தியும் வேறு அறையில்.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். 12 வோல்ட் 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், இன்வெர்ட்டர் நட்டமும் போக ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஆறு மணி நேரம் கரண்ட் இல்லாத நாளுக்கு அதை நம்பாதீர்கள். பக்கத்தில் சிலிண்டர் வேண்டும்: 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம் என்றால் 1,500 லிட்டர் ஆக்சிஜன், நிமிடத்துக்கு 1 லிட்டர் விட்டால் 25 மணி நேரம். ரெகுலேட்டரை முன்பே மாட்டிச் சோதித்து வையுங்கள், இருட்டில் ஸ்பேனர் தேட முடியாது. கரண்ட் திரும்பியதும் மெஷினின் தூய்மை ஏற சில நிமிடம் பிடிக்கும், அதுவரை சிலிண்டரிலேயே விடுங்கள். தூசி ஃபில்ட்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். மழைக்கால ஈரம் உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட் துகளைக் கெடுத்தால் ஓட்டம் குறையாது, தூய்மைதான் குறையும், காதால் கண்டுபிடிக்க முடியாது. ஈரப்பத பாட்டிலில் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் குழாயில் ஏறும்.

மௌல்மீன் நர்ஸ்

கணக்கெல்லாம் சரி தம்பி, ஆனால் மூன்று மாதப் பிள்ளைக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டால் அதன் இடம் வார்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் பெரியவர் விரல் கிளிப்பை அந்தப் பிஞ்சு விரலில் மாட்டினால் எண் பொய் சொல்லும். பாதத்தில் சுற்றும் சென்சார் வேண்டும். 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜன்.

வீட்டில் மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுங்கள். சட்டையைத் தூக்கி, பிள்ளை அழாத நேரத்தில், முழு ஒரு நிமிடம். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், சின்னப் பிள்ளை ஓடி ஓடி நின்றுதான் மூச்சு விடும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டால் கிளம்புங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் பாதியாகக் குறைந்தாலும் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

இன்சின் சித்தி

தொட்டில் போடும் நாளில் மூக்கு ஒழுகும் பத்துப் பேர் கன்னத்தில் முத்தம் வைத்ததைப் பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. இந்த வைரஸ் கட்டில் கம்பியிலும் மேசையிலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் சோப்புப் போட்டுக் கை, அப்புறம் தம்பி. இரண்டு வயதுக்குள் நெஞ்சில் சூடம் கலந்த தைலம் வேண்டாம், கொதிநீர் ஆவியும் வேண்டாம், வெந்துபோய் வந்த பிள்ளைகள் உண்டு. தாய்ப்பாலை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கு 2023இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி கொடுத்தன. வெளிநாட்டில் பிரசவம் பார்க்கப்போகும் மகள், மருமகள் இருந்தால் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.